கன்யகாம்பா அம்மாளின் தொண்ணூற்றாறு வயது

மாசிலாமணிக்கு ஐம்பத்தெட்டாவது வயதில் திடீரென்று முப்பத்திரண்டு அண்ணன் தம்பிகள் கிடைத்தார்கள். கூடப்பிறந்த ஒரே தம்பி துலுக்காணத்தோடு வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை நின்று வருஷக்கணக்காகிறது. அது வேறு விஷயம். இந்தப் புது உறவெல்லாம் திருப்பதி சப்தகிரி சகோதர மண்டலியின் உபயம்.

மண்டலி என்றால் சாதாரண மண்டலி இல்லை. ரேணிகுண்டா ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மேல்மாடியில் குளிர்பதன ஹால். உள்ளே வரும் ஒவ்வொருவரும் நீல வெல்வெட்டில் தங்கக் குஞ்சலம் வைத்த பட்டையைத் தோளில் குறுக்கே போட்டுக்கொள்ள வேண்டும். சித்திரை வெயிலிலும் போட்டுக்கொள்ள வேண்டும். கைகுலுக்கும்போது அடுத்தவர் விரல் முட்டியைக் கட்டைவிரலால் இரண்டு தடவை அழுத்த வேண்டும். அது ரகசிய அடையாளமாம். ஊரே அறிந்த வியாபாரிகள் ஒருவரையொருவர் எதற்கு இப்படி அழுத்தி அழுத்தி அடையாளம் கண்டுகொள்கிறார்கள் என்று கேட்கக் கூடாது. ஒருவரையொருவர் 'பிரதர்' என்று கூப்பிடுவார்கள். தலைவருக்கு 'மஹா பிரதர்' என்று பட்டம். மேடையில் ஏழு திரி போட்ட வெண்கல விளக்கு, அதன் பக்கத்தில் ஒரு மரச்சுத்தி. மனிதர் எல்லாரும் உடன்பிறப்பே என்று சுவரில் பொன்னெழுத்தில் எழுதியிருக்கும். டிரைவர்கள் மேலே வரக் கூடாது என்று படிக்கட்டில் எழுதியிருக்கும்.

அந்தப் படிக்கட்டில் மாசிலாமணி ஏறி வந்ததே பெரிய கதை. விஜயபுரத்துப் பக்கம் ஊருக்கு வெளியே பத்துக் குடிசை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அடுத்தவர் கொல்லியில், அதாவது புன்செய்யில், கூலி. ஒரு சாண் நிலம் கிடையாது. மாசிலாமணி லாரி கிளீனராகப் போய், டிரைவராகி, கழித்துக்கட்டிய வேன் ஒன்றை வாங்கி ஓட்டினார். ஸ்ரீசிட்டியில் கம்பெனிகள் வந்தபோது எல்லையோர ஊர்களின் பிள்ளைகளெல்லாம் ஷிப்டுக்குப் போக வண்டி தேடினார்கள். அந்த நேரத்தில் சரியாக அங்கே நின்றவர் இவர். இன்றைக்கு எட்டு பஸ். எட்டின் முதுகிலும் மனைவி அலர்மேல்மங்கையின் பெயர். விஜயபுரத்தில் மூன்று ஏக்கர், திருப்பதியில் மாடி வீடு. இவ்வளவும் சொந்த உழைப்பு. அதில் ஒரு சொல் குறை சொல்ல முடியாது. ஆனால் டிரைவர் சீட்டிலிருந்து எழுந்த மனிதன் டிரைவர்களை மேலே விடாத ஹாலில் போய் உட்கார ஏன் அப்படித் தவம் கிடந்தான் என்று கேட்டால், அதற்கு அவரிடமே பதில் கிடையாது. குஞ்சலம் பிடித்துப் போயிற்று. அவ்வளவுதான்.

மண்டலி சும்மா இருக்குமா? சேவை செய்ய வேண்டும், பேப்பரில் படம் வர வேண்டும். சந்திரகிரிப் பக்கம் 'நீடா' என்று ஒரு குழந்தைகள் இல்லம் இருக்கிறது. நீடா என்றால் தெலுங்கில் நிழல். இனி எங்களால் ஆகாது என்று பெரிய ஆஸ்பத்திரிகள் கைவிரித்த பிள்ளைகள், வலி தெரியாமல், தாயோ தகப்பனோ பக்கத்தில் இருக்க, மிச்சமிருக்கிற நாட்களை இருந்துவிட்டுப் போகிற இடம். அதை நடத்துகிறவள் குடியாத்தத்துக்காரி, நந்திதா சிஸ்டர். தலைமாட்டை உயர்த்தி இறக்கும் கட்டில்களும், படுக்கைப்புண் வராத மெத்தைகளும் வேண்டுமென்று கேட்டிருந்தாள். மண்டலி பத்துக் கட்டில் தருவதாக ஏற்றுக்கொண்டது. நல்ல கட்டில்கள்தான் வந்து இறங்கின. குறையெல்லாம் கட்டிலுக்கு மேலே இருந்தது.

ஒவ்வொரு கட்டிலும் ஒரு பிரதரின் பெயரில். பெயர் மட்டும் போதுமா? மறைந்த சொந்தக்காரர் நினைவாக என்று போட வேண்டும். நினைவு என்றால் படம் வேண்டும். படம் என்றால் சந்தனமாலை, கீழே பிறந்த வருஷம், இறந்த வருஷம். இதுவரை ஒரு தகராறும் இல்லை. யாருடைய படம் ஒன்றாம் நம்பர் கட்டிலுக்கு மேலே என்பதில்தான் அடிதடி வரைக்கும் போயிற்று. ஒன்றாம் நம்பர், ஜன்னலோரம். வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுவது அதுதான். போட்டோ எடுப்பவர்கள் அங்கேதான் நிற்பார்கள்.

மூன்று கூட்டம் இதற்கே போயிற்று. கடைசியில் மஹா பிரதர் ஹரிபாபு சுத்தியால் தட்டித் தீர்ப்புச் சொன்னார். அவர் கிரானைட் வியாபாரி; எதையும் கல்லில் வெட்டியதுபோல்தான் சொல்வார்.

"சீனியாரிட்டி பெட்டேத்தாம். போனவங்கள்ல எவுரு எக்குவ வயசோ, ஆயனகி ஃபர்ஸ்ட் பெட்!"

செத்தவர்களில் யார் அதிக வயசோ அவருக்கு முதல் கட்டில். பிரதர்கள் கைதட்டினார்கள். செயலாளர் தனசேகர் எழுந்து நின்றார். கவரிங் நகைக்கடைக்காரர். அவருடைய அப்பா தொண்ணூற்றொரு வயது வரை இருந்தவர். கட்டில் தன் மடியில் விழுந்துவிட்ட மாதிரி அவர் சிரித்த சிரிப்பு மாசிலாமணிக்குப் பொறுக்கவில்லை.

"எங்கம்மா தொண்ணூத்தாறு" என்றார் மாசிலாமணி.

வாயிலிருந்து வந்துவிட்டது. வந்ததைத் திரும்ப வாங்கிப் போட்டுக்கொள்ள முடியுமா? ஹால் முழுக்க ஆகா என்றது. ஹரிபாபு இறங்கி வந்து விரல் முட்டியை நாலு தடவை அழுத்தினார்.

அன்று வீட்டுக்கு வந்து சொன்னபோது அலர்மேல்மங்கை மோர் கடைந்துகொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"இன்னாங்க சொல்றீங்க? உங்கம்மா நீங்க ஆறு வயசு புள்ளயா கீறப்பவே போய்ட்டாங்கன்னு சொன்னீங்களே? மல்லாட்ட கொல்லில களை எடுத்துக்கினு கீறப்போ ஜொரம் வந்து?"

"அது அங்க எவனுக்குத் தெரியும்?"

"தொள்ளாயிரத்து இருபத்தொண்ணுல பொறந்து ரெண்டாயிரத்து பதினேழுல போனாங்கன்னு போட்டா, உங்கள நாப்பத்தஞ்சு வயசுல பெத்தாங்களா? உங்க தம்பிய அம்பதுலயா? கணக்கு போடத் தெரிஞ்சவன் ஒருத்தன்கூடவா இல்ல அந்தக் கூட்டத்துல? எட்டு பஸ்ல ஒண்ணுல எழுதத் தோணல உங்கம்மா பேர. இப்போ கட்டில்ல எழுதறாராம்."

மாசிலாமணி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு அப்போது வேறு கவலை. அம்மாவுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. கூலிக்குப் போகிறவளை யார் போட்டோ எடுத்தார்கள்? கட்டைவிரல் வெடித்த ஒரு கை உரித்த மல்லாட்டையை, வேர்க்கடலைப் பருப்பை, வாயில் திணித்தது மட்டும் அவருக்கு ஞாபகம். அந்தக் கைக்கு மேலே முகம் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை.

இதெல்லாம் ஒரு கஷ்டமா என்றார் ஸ்டூடியோ இஸ்மாயில். மாசிலாமணியையே உட்காரவைத்து ஒரு படம் எடுத்தார். கம்ப்யூட்டரில் மீசையை எடுத்தார், தலையை நரைக்க விட்டார், சுருக்கம் போட்டார், பட்டுப்புடவை கட்டினார், இரண்டு பக்கமும் வைர மூக்குத்தி குத்தினார். அரை மணியில் தொண்ணூற்றாறு வயதுச் சீமாட்டி ஒருத்தி திரையில் உட்கார்ந்துகொண்டு முறைத்தாள். பெயர் கன்னியம்மா என்று இருந்தால் பிரதர்கள் மத்தியில் எடுபடாதே என்று அதற்கும் முலாம் பூசினார்கள். ஸ்ரீமதி கன்யகாம்பா அம்மாள், 1921 – 2017. களை எடுத்துச் செத்த கன்னியம்மாவுக்கு இந்த அம்மாளை யாரென்றே தெரிந்திருக்காது.

திறப்பு விழா அமர்க்களப்பட்டது. ஆனால் ஒன்று. இருக்கிற நாட்களை இருந்துவிட்டுப் போக வந்த பிள்ளைகளின் தலைமாட்டில், செத்தவர்களின் படத்தை மாலை போட்டு மாட்டலாமா என்று முப்பத்திரண்டு பிரதர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. யார் தலைமாட்டில் யார் என்று மட்டும் தோன்றியது. நந்திதா சிஸ்டர் மெல்ல வாயெடுத்தாள். "மன சம்பிரதாயம் தல்லீ, அது நம்ம வழக்கம்மா" என்று ஹரிபாபு அவள் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் பண்ணி வாயை அடைத்துவிட்டார்.

படங்களுக்குக் கீழே இருந்த வருஷங்களைப் பிள்ளைகள் படித்தார்கள். கையில் ஊசியோடு மல்லாந்து கிடக்கிற பிள்ளைக்கு மேலே பார்ப்பதைத் தவிர வேறு என்ன வேலை? இரண்டு நாளில் அவர்களாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். இந்தக் கட்டிலில் படுத்தவர் இந்த வயசு வரைக்கும் இருப்பார். பத்தாம் நம்பர் கட்டிலுக்கு மேலே ஹரிபாபுவின் தம்பி படம். பைக்கில் போய்ச் செத்தவர், இருபத்துநாலு வயசு. அந்தக் கட்டிலில் போட்ட தருண் என்கிற பையன் இறங்கித் தரையில் பாயில் படுத்துக்கொண்டான். செத்தாலும் மேலே ஏற மாட்டேன் என்றான். அந்த இடத்தில் சொல்லக்கூடிய வார்த்தையா அது? கடைசியில் அந்தக் கட்டிலில் ஆக்சிஜன் சிலிண்டரைப் படுக்கவைத்தார்கள். மண்டலிக்கு விஷயம் போனது. விசாரிக்கக் குழு போட்டார்கள். குழு வந்து, டீ குடித்து, படங்கள் நேராகத்தான் தொங்குகின்றன என்று சொல்லிவிட்டுப் போயிற்று.

ஒன்றாம் நம்பருக்கு எல்லாப் பிள்ளைகளும் அடித்துக்கொண்டார்கள். கிடைத்தது அக்ஷயாவுக்கு. ஒன்பது வயசு, ரத்தத்தில் புற்றுநோய், குடுபல்லிக்காரி. தலையில் முடியெல்லாம் போய்க் கம்பளித் தொப்பி மாட்டியிருப்பாள். அழுது வாங்கவில்லை, சாப்பிட மாட்டேன் என்று வாயை இறுக மூடிக்கொண்டு வாங்கினாள். அப்பன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவன், எப்போதோ ஒருமுறை வருவான். கூட இருந்தது தாய் வெங்கடலட்சுமி. இரவும் பகலும் ஸ்டூலில் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே தூங்கி விழும் ஒல்லிப் பெண்.

மாதம் ஒருமுறை கட்டில்காரர்கள் பட்டை போட்டுக்கொண்டு வந்து தங்கள் கட்டிலைப் பார்வையிட வேண்டும் என்பது மண்டலி விதி. கட்டிலைத்தான். மாசிலாமணியும் குஞ்சலம் ஆட வந்து நின்றார். அக்ஷயா அவரைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், திரும்ப அவரைப் பார்த்தாள்.

"நீதான் இந்த ஆயாவோட புள்ளயா?"

"ஆமாம்மா."

"மீச வெச்சா நீயேதான் தாத்தா."

மாசிலாமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எனக்கு எங்கம்மா ஜாட" என்று சமாளித்தார்.

"நெஜமா தொண்ணூத்தாறா?"

"ஆமா."

"இந்தக் கட்டில்லயா படுத்துக்கினு இருந்திச்சி?"

"இல்லம்மா, இது புதுக் கட்டிலு. அவங்க பேர்ல குடுத்தது."

"பேர்ல குடுத்தா வயசும் கூட வரும் இல்ல?"

பஸ் பர்மிட்டுக்கு ஆபீஸ் ஆபீஸாகப் பொய் சொல்லிப் பழகிய வாய்தான். இருந்தும் கொஞ்சம் திக்கியது. "வரும்" என்றார்.

"ஆயா இன்னா துன்னும்?"

"கேவுரு களி. மல்லாட்ட தொவையலு."

அக்ஷயா தாயைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டுக்கினியாம்மா? களி."

அன்றோடு விட்டிருக்கலாம். ஆனால் அடுத்த வாரமே மாசிலாமணி மறுபடி போனார், பட்டை இல்லாமல். உடனே மனிதர் திருந்திவிட்டார் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஐம்பத்தெட்டு வருஷத்தில் அவரிடம் அம்மாவைப் பற்றிக் கேட்டவர் யாருமில்லை. இந்தக் குட்டி கேட்டது. அந்த ருசி அவரை இழுத்தது. கேட்கக் கேட்க அவரும் அள்ளி விட்டார். நாற்பது வயதில் அம்மா ஆடு வாங்கினாள். எழுபதில் மருமகளோடு சண்டை போட்டுக்கொண்டு கோபத்தில் நகரிக்குப் பஸ் ஏறிப் போய்ப் படம் பார்த்துவிட்டு வந்தாள். எண்பதில் திருமலைக்கு நடந்தே ஏறினாள். மூச்சு வாங்கியது இவருக்கு, அவளுக்கில்லை. சொல்லச் சொல்ல அவருக்கே அதெல்லாம் நடந்த மாதிரி இருந்தது. அவருடைய ஆறு வயதில் போன அம்மா அந்த ஜன்னலோரத்தில் வாரத்துக்குப் பத்து வயதாக மூத்துக்கொண்டே போனாள். வீட்டுக்குத் திரும்பும்போது காரில் அழுதார். எதற்கு அழுகிறோம் என்று தெரியாமல் டிரைவர் மேல் எரிந்து விழுந்தார்.

"எனக்கு வராத மாமியார் சண்டையெல்லாம் அங்க போய் சொல்லிக்கினு கீறீங்களாமே" என்றாள் அலர்மேல்மங்கை. ஆனாலும் அடுத்த முறை போகும்போது அவளே களி கிண்டித் தூக்கில் போட்டுக் கொடுத்தாள்.

ஒருநாள் மத்தியானம் போனபோது அவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கட்டிலில் வெங்கடலட்சுமி கால் நீட்டித் தூங்குகிறாள். நோயாளிப் பிள்ளை பிளாஸ்டிக் நாற்காலியில் தலையணையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நேரே நந்திதா சிஸ்டரிடம் போய்க் கத்தினார்.

"இன்னா சிஸ்டர் இது? புள்ளய எறக்கி வுட்டுட்டு அந்தம்மா ஒய்யாரமா படுத்துக்கினு கீது! தாயா அது?"

"பாப்பாதான் சார் அடம் பிடிக்குது. தினம் மத்தியானம் அம்மா அதுல படுக்கணும். இல்லன்னா மருந்து குடிக்கமாட்டேங்குது. நான் எவ்வளவோ சொல்லிட்டேன்."

வேலைக்கள்ளி, பிள்ளைமேல் பழி போடுகிறாள் என்று மாசிலாமணி முடிவு கட்டினார். அடுத்தவரை எடைபோட எவ்வளவு சுறுசுறுப்பு பாருங்கள்!

இதற்குள் மண்டலியில் மஹா பிரதர் தேர்தல் வந்தது. மாசிலாமணி நின்றார், தனசேகரும் நின்றார். தனசேகருக்குக் கணக்குப் போடத் தெரிந்திருந்தது. நாற்பத்தைந்தில் ஒரு பிள்ளை, ஐம்பதில் ஒரு பிள்ளை என்ற கணக்கு அவருக்கு உறுத்தியது. காரை எடுத்துக்கொண்டு விஜயபுரம் போனார். விசாரிக்க அதிக தூரம் அலையத் தேவையிருக்கவில்லை. கூடப்பிறந்த தம்பி துலுக்காணம் தன் வரப்பிலேயே நின்றுகொண்டிருந்தான்.

"எங்கம்மாவா? நான் பால் குடிக்கிற புள்ளயா கீறப்பவே பூட்டாங்க. முப்பது வயசுதான்னு எங்க நைனா சொல்லும். தொண்ணூத்தாறா? எவன் சொன்னான்? எங்கண்ணனா?" என்று சிரித்தானாம். சொந்தத் தம்பி காட்டிக் கொடுத்ததைப் புதுத் தம்பி பத்திரமாக வாங்கிக்கொண்டு திருப்பதி வந்து சேர்ந்தார்.

அடுத்த கூட்டத்தில் தனசேகர் விளக்கின் ஏழு திரியையும் தூண்டிவிட்டார். "பிரதர் மாசிலாமணி இந்தத் தீபத்து மேல கை வெச்சு, எங்கம்மா தொண்ணூத்தாறு வயசுல போனாங்கன்னு சத்தியம் பண்ணட்டும். நான் போட்டியிலிருந்து விலகிக்கிறேன்."

மாசிலாமணி எழுந்து போனார். கையை நீட்டினார். வாழ்நாளில் எத்தனையோ தடவை பொய்க் கையெழுத்துப் போட்ட கை. தீயின் சூடு உள்ளங்கையில் பட்டதும் வெடித்த கட்டைவிரல் ஒன்று வாயருகே வருகிற மாதிரி இருந்தது. கை பின்வாங்கிவிட்டது. அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். தர்மம், நியாயம், மண்டலியின் மானம் என்று தொண்டை கிழிந்தது. மற்ற ஒன்பது படங்களுக்குக் கீழே உள்ள வருஷங்களையும் யாரும் சரிபார்க்கவில்லை என்பது அந்த நேரத்தில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

"நாளைக்கே படத்தை எறக்கறோம். எங்க அப்பாவை அங்க மாட்டறோம்" என்றார் தனசேகர்.

"பிரதர்" என்றார் மாசிலாமணி. குரல் அவருடையது மாதிரியே இல்லை. "நான் போட்டியில இல்ல. எனக்கு ஒண்ணும் வாணாம். அந்தப் புள்ள இருக்கற வரைக்கும் படம் அங்கயே இருக்கட்டும். அது அத்த நம்பிக்கினு கீது."

ஹரிபாபு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "பாபம், அடுகுதுன்னாடு கதா, உண்டனீ. பாவம், கேக்கறாரு இல்ல, இருக்கட்டும்." மனிதாபிமான அடிப்படையில் படம் இறக்குவதை ஒத்திவைப்பது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். ஒரு பிள்ளையின் சாவுக்காகக் காத்திருப்பது என்பதற்கு இப்படியும் ஒரு பெயர் வைக்கலாம் என்பது மண்டலிக்குத்தான் தெரியும். வெளியே வரும்போது மாசிலாமணியின் விரல் முட்டியை ஒருவரும் அழுத்தவில்லை.

தனசேகர் மஹா பிரதர் ஆனார். ஆனதும் முதல் வேலையாகப் போட்டோக்காரரோடு நீடாவுக்குப் போனார். ஒன்றாம் நம்பர் கட்டிலருகே நின்று சுவரை அளந்து பார்த்தார். வாய் சும்மா இருந்ததா? "இது இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான். தொண்ணூத்தாறாவது ஒண்ணாவது! அந்தம்மா முப்பது வயசுல போன கேஸு" என்று கூட வந்தவர்களிடம் சிரித்துக்கொண்டு சொன்னார். கட்டிலில் படுத்திருந்தவளுக்குக் காது கேட்கும் என்பது அவருக்கு உறைக்கவில்லை. நோயாளிப் பிள்ளைகளுக்கு உதவுகிறவர்களுக்கு அந்தப் பிள்ளைகள் கண்ணில் படுவது ரொம்ப அபூர்வம்.

அன்று மாலையே நந்திதா சிஸ்டர் போன் பண்ணினாள். "பாப்பா உங்களைக் கேட்டுக்கிட்டே இருக்கு சார். சாப்பிடல. அம்மாவையும் கட்டில்ல ஏற விடல. சீக்கிரம் வாங்க."

மாசிலாமணி தானே வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். அக்ஷயா பாதியாகியிருந்தாள். தொப்பி நழுவி நெற்றியை மூடியிருந்தது. அவரைக் கண்டதும் தாயைக் கஞ்சி காய்ச்சி வரச் சொல்லி அனுப்பினாள். கஞ்சி வேண்டி இல்லை. தாய் அங்கே இருக்கக் கூடாது என்று.

"தாத்தா, அந்த ஆளு ஆயாக்கு முப்பதுதான்னு சொல்றாரு."

"அவன் கெடக்கறான்மா. அவனுக்கு இன்னா தெரியும்?"

"சத்தியம் பண்ணு."

இவ்வளவு சின்ன உடம்பு, இவ்வளவு ஆசையோடு கிடக்கிறதே, இதனிடம் எந்த வாயால் சத்தியம் பண்ணுவது என்று மாசிலாமணி தவித்தார். "நீ ஏம்மா அதயே நெனச்சிக்கினு கீற? நீ நல்லா ஆயிடுவ" என்று ஆரம்பித்தார்.

அக்ஷயா அவரை ஒரு பார்வை பார்த்தாள். பெரியவர்கள் உளறும்போது பொறுமையுள்ள பிள்ளைகள் பார்க்கிற பார்வை.

"எனக்கா? எனக்கு தெரியும் தாத்தா, நான் பூடுவேன். எனக்கு இன்னாத்துக்கு தொண்ணூத்தாறு? அம்மாக்குத்தான். டெய்லி மத்தியானம் இதுல படுக்க வெச்சிக்கினு கீறேன். அம்மாக்கு இப்போ முப்பது. அந்த ஆளு சொல்றாமாரி ஆயாக்கும் முப்பதுன்னா..." அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. மூச்சு வாங்கியது. "சொல்லு. எத்தினி?"

வேலைக்கள்ளி என்று தீர்ப்புச் சொன்ன மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பிறகு எட்டிப் படத்தைக் கழற்றிக் கட்டிலில் வைத்தார். மூக்குத்தியும் பட்டுப்புடவையுமாக இருந்த தன் முகத்தின்மேல் உள்ளங்கையை அழுத்திப் பதித்தார். ஏழு திரி விளக்குக்கு முன்னால் பின்வாங்கிய அதே கை.

"எங்கம்மா மேல சத்தியம். தொண்ணூத்தாறு. ஒரு நாள் கொறயல. போறப்போ பல்லு ஒண்ணுகூட ஆடல."

"மல்லாட்ட கடிச்சிச்சா?"

"வறுத்தத கடிச்சிச்சி."

அக்ஷயா கண்ணை மூடிக்கொண்டாள். வெங்கடலட்சுமி கஞ்சியோடு வந்தபோது, "மேல வந்து படும்மா" என்றாள். மாசிலாமணி பிள்ளையைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்து, தலையணையை முட்டுக் கொடுத்தார். தூக்கின கைக்குக் கனமே தெரியவில்லை.

உகாதிக்கு முன்னால் அக்ஷயா போய்விட்டாள். காரியம் முடிந்த மறுநாளே மண்டலி ஆட்கள் டிரில்லிங் மிஷினோடு வந்துவிட்டார்கள். சுவரில் வெறும் ஆணி. மண்டலிச் சொத்தைக் காணோம் என்று தனசேகர் குதித்தார். தாய் எடுத்துக்கொண்டு போனாள், நான்தான் கொடுத்தேன், வேண்டுமானால் கேஸ் போடுங்கள் என்றாள் நந்திதா சிஸ்டர். அந்த ஆணியிலேயே தனசேகரின் அப்பா ஏறினார். அடுத்து வந்த பிள்ளை, தொண்ணூற்றொன்றும் நல்ல வயசுதான் என்று ஏற்றுக்கொண்டதாம். மாசிலாமணி மண்டலிக்குப் போவதை விட்டுவிட்டார். விட்டுவிட்டார் என்று அவர் சொல்கிறார். அவர்கள் கூப்பிடவில்லை என்பதும் உண்மை. பட்டை பீரோவில் இருக்கிறது. தூக்கிப் போட மனசு வரவில்லை.

அடுத்த உகாதியும் கழிந்த பிறகு, குப்பம் டவுன் பக்கம் ஒரு பஸ் பழுதாகி நின்றதைப் பார்க்கப் போனவர், அங்கிருந்து குடுபல்லிக்கு விசாரித்துக்கொண்டு போனார். ஓட்டு வீடு, ஒற்றை அறை. நுழைந்ததும் எதிரே தொங்கியது அவருடைய முகம்தான். பட்டுப்புடவையில், இரண்டு மூக்குத்தியோடு, பூ வைத்து, குங்குமம் இட்டு. அதற்கு நேர் கீழே சுருட்டி வைத்த பாய். பக்கத்தில் கம்பளித் தொப்பி மடித்து வைத்திருந்தது.

வெங்கடலட்சுமி அவரைப் பார்த்துவிட்டுப் படத்தைப் பார்த்தாள்.

"எனக்கு தெரியும் நைனா, அது உங்க மொகம்னு. அந்த ஆளு பேசனது என் காதுலயும் வுழுந்திச்சி. ஆனா பாப்பா வுடல. இத்த எடுத்துக்கினு போம்மா, இதுக்குக் கீழயே படுத்துக்கோன்னு சொல்லிட்டு பூட்சி. கெணத்தாண்ட ரெண்டு வாட்டி போய் நின்னேன். திரும்பி வந்துட்டேன். பாப்பா போட்ட கணக்க நான் எப்டி பொய்யாக்கறது?"

அவள் அடுப்பு மூலைக்குப் போய் வேகவைத்த மல்லாட்டையை ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தாள். "துன்னுங்க நைனா." வேலை செய்து செய்து அவள் கட்டைவிரலும் வெடித்திருந்தது.

"உனக்கு இப்போ எத்தினி வயசும்மா?"

"முப்பத்தொண்ணு ஆயிட்ச்சி."

கன்னியம்மா பார்க்காத வயசு. மாசிலாமணி ஒரு மல்லாட்டையை எடுத்து, உடைக்கத் தெரியாதவர் மாதிரி, வெகுநேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.